தீ வைக்கும் நாளில் எங்கே நிற்பது?

ஒரு காட்டின் நடுவே சிற்றாறு ஒன்று ஓடியது. கிழக்குக் கரைக்குப் புலி அரசன், மேற்குக் கரைக்குக் கரடி அரசன். இரண்டுக்கும் ஒன்றை ஒன்று கண்டால் ஆகாது. ஏன் என்று கேட்காதீர்கள், அவற்றுக்கே மறந்துவிட்டது.

ஒரு கோடையில் இடி விழுந்து கிழக்குக் குன்றின் உச்சியில் மரம் ஒன்று எரிந்தது. புலி அந்தத் தணலை அணையவிடவில்லை. பக்கத்தில் காய்ந்த மூங்கிலைக் குவிக்கச் சொன்னது.

"கரடி வாலாட்டினால் இதைக் கொளுத்தி அக்கரைக்கு உருட்டிவிடுவேன்" என்றது.

கரடி சும்மா இருக்குமா? ஆள் அனுப்பி ஒரு கொள்ளியைத் திருடி, தன் குன்றின் மேலும் தணல் வளர்த்தது. அதன் குவியல் இன்னும் உயரம். உடனே புலி தன் குவியலை உயர்த்தியது. காய்ந்த காட்டில் எந்தக் குவியல் பற்றினாலும் இரண்டு கரையும் சாம்பல்தான். இது எல்லா விலங்குகளுக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் பலமாகக் காற்று அடித்தது. கிழக்குக் குன்றிலிருந்து ஒரு பொறி பறந்து புதரில் விழுந்தது. அங்கே மண் ஈரமாக இருந்ததால் தீ அந்தப் புதரைத் தாண்டவில்லை, ஆனால் அதிலிருந்த காடையின் நான்கு முட்டைகளும் கருகிப்போயின. யாரும் போர் தொடுக்கவில்லை, காற்று அடித்தது, அவ்வளவுதான்.

அந்தப் புதருக்குப் பக்கத்தில் சுருளி என்ற அழுங்கு இருந்தது. அழுங்குக்கு உடம்பெல்லாம் செதில். பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும், புலியாலும் பிரிக்க முடியாது. அதிலும் சுருளி சரியான பயந்தாங்கொள்ளி. இலை விழுந்தாலும் சுருண்டுகொள்ளும். அன்று கருகிய முட்டைகளைப் பார்த்தது. தன் வால்மேல் தொற்றிக்கொண்டிருந்த குட்டியையும் பார்த்தது. 'நெருப்பு வந்தால் சுருண்டு என்ன பயன்? இரண்டு பேரும் சேர்ந்து வேக வேண்டியதுதான்' என்று நினைத்தது. அன்று முழுவதும் அதற்கு ஓர் எறும்புகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

அந்தக் காட்டில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. காலைச் சபையில் யார் வேண்டுமானாலும் அரசனிடம் ஒரு கேள்வி கேட்கலாம். கேட்டவர் "விளங்கியது" என்று சொல்லும்வரை அரசன் இரை எடுக்கக் கூடாது. சபையில் நிற்பவரைத் தொடவும் கூடாது. இரண்டு கரையிலும் இதே வழக்கம்தான்.

சுருளி முயலிடம் போய்த் தன் எண்ணத்தைச் சொன்னது.

"நாம் கேட்டு என்ன ஆகப்போகிறது, அக்கா?" என்றது முயல்.

"நான் ஒருத்தி கேட்டால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் உன்னிடம் வந்தேன்."

முயல் மானிடம் சொன்னது. மான் முள்ளம்பன்றியிடம் சொன்னது. காடையிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அது முதல் ஆளாக வந்து நின்றது. இரண்டு கரையிலும் மீன் பிடிக்கும் நீர்நாய் செய்தியை அக்கரைக்கும் கொண்டுபோனது.

மறுநாள் சபையில் சுருளி நடுங்கிக்கொண்டே முன்னால் வந்தது.

"அரசே, நீங்கள் தீ வைக்கும் நாளில் நான் என் குட்டியோடு எங்கே நிற்க வேண்டும்?"

"பாறைக்குப் பின்னால் நில்" என்றது புலி. பக்கத்திலிருந்த ஓணான் மந்திரி வழக்கம்போல் தலையாட்டியது.

"பாறையைச் சுற்றிக் காய்ந்த புல், அரசே. விளங்கவில்லை."

"சரி, ஆற்றில் இறங்கு."

"குட்டி மூழ்கிவிடும், அரசே. விளங்கவில்லை."

அடுத்து காடை வந்து அதே கேள்வியைக் கேட்டது. பிறகு முயல், மான், முள்ளம்பன்றி. வரிசை ஆற்றங்கரை வரை நீண்டது. பொழுது சாய்ந்தது. புலி பட்டினி. இரண்டாம் நாளும் அதே வரிசை, அதே கேள்வி. மூங்கில் சுமக்கவும் யாரும் போகவில்லை.

மூன்றாம் நாள் புலிக்குக் கண் இருட்டியது.

"மந்திரி, இவர்கள் கிடக்கட்டும். தீ வைத்தால் நான் எங்கே நிற்பேன்?"

ஓணான் தலையாட்டியது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புலி குன்றின் மேலிருந்த குவியலைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "நான் அணைத்துவிடுகிறேன் என்றே வைத்துக்கொள். அக்கரையில் கரடி அணைக்குமா?" என்று கேட்டது.

நீர்நாய் முன்னால் வந்தது. "அரசே, கரடி அரசரும் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. அங்கேயும் இதே கேள்விதான். அவரும் உங்களைப் பற்றி இதையேதான் கேட்கிறார்."

புலியும் கரடியும் ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே வந்து நின்றன.

"முதலில் நீ அணை" என்றது புலி.

"முதலில் நீ" என்றது கரடி.

அப்போது சுருளி தண்ணீரின் ஓரத்துக்கே போனது. இந்த முறை நடுங்கவில்லை. "முதலும் வேண்டாம், இரண்டாவதும் வேண்டாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். எங்கள் முயல் அக்கரைக் குன்றில் நின்று பார்க்கட்டும். கரடி அரசே, உங்கள் கரையிலிருந்து ஒரு கீரி வந்து இக்கரைக் குன்றில் நின்று பார்க்கட்டும். இங்கே ஒரு கட்டு மூங்கில் ஆற்றில் விழும்போது அங்கேயும் ஒரு கட்டு விழ வேண்டும்."

பசியில் இருந்த புலியும் கரடியும் ஒன்றை ஒன்று பார்த்தன. பிறகு இரண்டும் ஒன்றாகத் தலையசைத்தன.

இரு கரையிலும் வேலை மும்முரமாக நடந்தது. முதுகில் சுமந்தவை சில, பல்லால் கவ்வி இழுத்தவை சில. முயல் அங்கிருந்து காதை உயர்த்திக் காட்டும், கீரி இங்கிருந்து வாலை உயர்த்திக் காட்டும். உடனே இரண்டு கட்டுகள் ஒன்றாக ஆற்றில் விழும். ஆறு நிறைய மூங்கில் மிதந்து போயிற்று.

கடைசியில் இரு கரை யானைகளும் துதிக்கை நிறையத் தண்ணீர் எடுத்துக் குன்றேறின. ஒரே நேரத்தில் இரண்டு தணலும் உஸ்ஸென்று அணைந்தன. "இப்போது விளங்கியது, அரசே" என்றது சுருளி. இரண்டு குன்றிலிருந்தும் வெள்ளைப் புகை எழுந்ததைப் பார்த்து, காடே அதிரும்படி எல்லா விலங்குகளும் ஆர்ப்பரித்தன. மான்கள் துள்ளின. மேற்குக் கரைக் குரங்குகள் மிதக்கும் மூங்கில்மேல் ஏறி இக்கரைக்கே வந்துவிட்டன. சுருளியைத் தும்பிக்கையில் தூக்கிய யானை, அதைக் குட்டியோடு தன் தலைமேல் ஏற்றிக்கொண்டு இரண்டு கரையையும் சுற்றி வந்தது.

நீதி: எல்லாரையும் அழிக்கும் ஆயுதத்தையும், எளியவர்கள் ஒன்றுகூடி, சளைக்காமல் கேள்வி கேட்டால், கீழே போடவைக்கலாம்.