பூட்டுக்கே என் ஓட்டு

டிசம்பர் பதினாறு, பொழுது சாயும் வேளை. முனியப்பன் கோயிலில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்ய வரிசையில் நின்றார்கள். கடைசி ஆள் பாவாயி. தன் தெருக் குழாயில் இரண்டு வருடமாகத் தண்ணீர் வரவில்லை என்பதற்காக, ஊராட்சித் தலைவர் நாச்சிமுத்துவை எதிர்த்து முதல்முறையாகத் தேர்தலில் நிற்பவள்.

நாச்சிமுத்துவே முதலில் கற்பூரத்தை அடித்து அணைத்தார். "பூட்டுக்கே என் ஓட்டு. மாறினா முனி என் வாயைப் பூட்டட்டும்!"

ஊரும் பயந்துகொண்டே அப்படியே சொன்னது.

"நீயும் அடி புள்ள," என்று சிரித்தார்.

"உங்க பேரைச் சொல்லணுமுங்களா, பூட்டுன்னா போதுமுங்களா?"

"மூணு தேர்தலா அதுதான் என் சின்னம். பூட்டுன்னா நான்தான்."

பாவாயி அடித்தாள். அவள் கற்பூரம் மட்டும் அணையவில்லை. காற்றே இல்லை, கோயில் மணி மெல்ல அசைந்தது.

மூன்றாம் நாள், என்ன சின்னம் வேண்டும் என்று வெளியூர் அதிகாரி இருவரையும் கேட்டார்.

நாச்சிமுத்து மீசையைத் தடவினார். "நான் வேற கேக்கணுமாக்கும்? ஊருக்கே தெரியும்."

"எனக்குப் பூட்டுங்க," என்றாள் பாவாயி.

"ஏய், அது என்னுது!"

"சின்னம் யாருக்கும் சொந்தமில்லைங்க, கேட்டது அவங்கதான்," என்று அதிகாரி எழுதிவிட்டார். நாச்சிமுத்துவுக்குச் சீப்பு கிடைத்தது.

அவர் வீடு வீடாக ஓடினார். "சத்தியம் எனக்குத்தானய்யா!"

"சாமி காதுல பூட்டுன்னுதானுங்களே விழுந்துச்சு?" என்று சொல்லி ஊர் கதவைச் சாத்திக்கொண்டது.

எண்ணியபோது சீப்புக்கு ஒரே ஓட்டு. யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜனவரி ஆறாம் தேதி பாவாயி பதவியேற்றாள். அவள் தெருவில் தண்ணீர் வந்தது. வாழ்த்திப் பேச அழைக்கப்பட்ட நாச்சிமுத்து மேடையேறி வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.