காரியின் கொம்பில் காலாவதியான முத்திரை

நாணலாற்றங்கரையில் காரி என்றோர் எருமை இருந்தது. சின்னப் பிராணிகளை முதுகில் ஏற்றி அக்கரை சேர்ப்பது அதன் வேலை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம். சுமக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மலைக்குப் போய், அங்கே தலைமை வகிக்கும் யானைக்கு நடந்து காட்டி, கொம்பில் செம்மண் முத்திரை வாங்கி வரவேண்டும். முத்திரை உள்ளவர்களின் சவாரியில் யாராவது அடிபட்டால், எழுந்து நடக்கும்வரை பொதுக் குகையிலிருந்து தீனி வரும். எல்லோரும் சேர்ந்து நிரப்பிய குகை அது. காவலுக்கு ஓர் உடும்பு.

காரியின் முத்திரைக்குக் கெடு முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. 'நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்' என்று சேற்றில் சுகமாகக் கிடந்துவிட்டது. சேறு அப்பிய கொம்பை யார் உற்றுப் பார்க்கிறார்கள்!

அன்று செவலி என்ற முயல் ஏறியது. கரையேறும்போது காரியின் குளம்பு பாசியில் வழுக்கியது. செவலி பாறைமேல் விழுந்து பின்னங்காலை முறித்துக்கொண்டது.

"அசையாமல் படு, தங்கச்சி! இதோ தீனியோடு வருகிறேன்!" என்று காரி ஓடியது.

உடும்பு கொம்பைச் சுரண்டிப் பார்த்தது. "முத்திரை காலாவதி! ஒரு கிழங்குகூடக் கிடையாது!"

"ஏழு வருஷமாகச் சுமக்கிறேன்! பத்து நாளில் எனக்கு நடை மறந்துபோகுமா?"

"முத்திரை இல்லாதவள் சுமக்கலாமா?"

"வழுக்கியது பாசி! முத்திரை இருந்தால் மட்டும் வழுக்காதா?"

உடும்புப் பிடி என்றால் சும்மாவா? காரிக்கும் ரோஷம் தலைக்கேறியது. யானையை வரவழைத்தார்கள். அது வந்து சேர எட்டு நாளாயிற்று. எட்டு நாளும் காரியும் உடும்பும் குகை வாசலில் நின்று கத்தின.

யானை கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டது. "காரி, நீ செய்தது தப்புதான். ஆனால் முயல் என்ன தப்பு செய்தது? உடும்பே, அதற்கு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தீனியைக் காரியிடம் திருப்பி வாங்கியிருக்கலாமே! ஏன் காரி, உன் காலடியில் இவ்வளவு புல் இருக்கிறதே, ஒரு வாய் பிடுங்கிப் போய்க் கொடுத்தாயா?"

காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. குகையிலிருந்து வாய் நிறையக் கிழங்கைக் கவ்விக்கொண்டு ஓடியது.

செவலி படுத்த இடத்தில் இல்லை. புல்லைத் தேடி முறிந்த காலை இழுத்துக்கொண்டே நகர்ந்து, தூரத்துப் புதரடியில் கிடந்தது. கால் வீங்கிக் கோணிப்போயிருந்தது.

"பசி தாங்கவில்லை, அக்கா. நீ வருவாய் வருவாய் என்று பார்த்தேன்," என்றது செவலி.

அந்தக் கால் அதற்குப் பிறகு ஓடவேயில்லை. காரி அழுதது. அழுது என்ன பயன்?

அடிபட்டவரின் பசியை ஆற்றிவிட்டுத்தான், தவறு யாருடையது என்ற வழக்கைத் தொடங்க வேண்டும்.