பதினெட்டு அடிச் சாய்தளம்

கூத்தனேரியில் முட்டாள்கள் அதிகம் பேர் இல்லை. எண்ணிப் பார்த்தால் மூன்றே பேர். மூவரும் ஊராட்சியில் இருந்தார்கள். தலைவர் பொன்னுரங்கம், மூன்றாம் வார்டு உறுப்பினர் குப்பாண்டி, வருகிற கடிதத்தைப் படித்துச் சொல்லும் செயலர் சபாபதி. நல்லவர்கள்தான். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

மூன்றாம் வார்டில் தையல் கடை வைத்திருந்தவள் மரகதவல்லி. சிறு வயதிலேயே அவளுக்கு இரண்டு கால்களும் செயல் இழந்துவிட்டன. சக்கர நாற்காலியில்தான் போவாள், வருவாள். போன தேர்தலில் குப்பாண்டியை எதிர்த்துப் போட்டியிட்டாள். அந்த வார்டில் மொத்தம் 122 ஓட்டு. குப்பாண்டிக்கு 61, மரகதவல்லிக்கு 60. விழாத ஓட்டு ஒன்று. அது மரகதவல்லியுடைய ஓட்டு.

வாக்குச்சாவடி ஆரம்பப் பள்ளிக்கூடம். வாசலில் மூன்று படி. அதற்கும் முந்தைய தேர்தலில் நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தோள் மாற்றுவதற்காக நடுத்தெருவில் இறக்கி வைத்தவர்கள், அப்படியே டீ குடிக்கப் போய், ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்து உள்ளே கொண்டுபோனார்கள். அன்றோடு அவள் சொல்லிவிட்டாள்: "என்னை யாரும் தூக்க வேண்டாம். நானே போய் நானே போடுவேன்."

இந்தத் தடவையும் அவள் வேட்புமனு கொடுத்திருந்தாள். எதிர்த்து நின்றவர் அதே குப்பாண்டி. ஐந்து வருஷத்தில் வார்டில் மூன்று பேர் இறந்து, மூன்று பேருக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்தது. ஆக, இப்போதும் 122.

தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. சபாபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். அதில் மூன்று உத்தரவு இருந்தது. முதலாவது, மாற்றுத்திறனாளிகள் வாக்குச்சாவடிக்குள் செல்லச் சாய்தளம் அமைக்க வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அதற்குக் குறைந்தால் ஆபத்து, உடனே அகற்றிவிட வேண்டும். இரண்டாவது, அவர்களை முதலில் வாக்களிக்க விட வேண்டும். மூன்றாவது, அவர்களுடைய வாக்கு வீணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூவரும் அளவு நாடாவோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மூன்று படியும் சேர்ந்து ஒன்றரை அடி. சாய்தளம் பதினெட்டு அடி இருக்க வேண்டும். வாசலிலிருந்து கேட் வரை எட்டு அடிதான் இருந்தது. கேட்டுக்கு வெளியே தெரு எட்டு அடி. அதைத் தாண்டினால் செல்லையாவின் டீக்கடை.

"எட்டும் எட்டும் பதினாறு. இன்னும் ரெண்டு அடி வேணும் தலைவரே," என்றார் சபாபதி.

"டீக்கடைக்குள்ள ரெண்டு அடி போனா ஆச்சு."

"கடைக்காரர் ஒத்துக்கணுமே."

"அரசாங்க உத்தரவுய்யா. பாய்லரைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டும்," என்றார் பொன்னுரங்கம்.

மூங்கிலையும் பலகையையும் வைத்துச் சாய்தளம் கட்டினார்கள். டீக்கடையின் பாய்லருக்குப் பக்கத்தில் அது தொடங்கியது. தெருவைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, பள்ளிக்கூட வாசலுக்குப் போனது. குப்பாண்டிதான் அதிகமாக உழைத்தார். "மரகதம் ஓட்டுப் போடாம நான் ஜெயிச்சு என்ன ஜெயிப்பு," என்று சொல்லிக்கொண்டே ஆணி அடித்தார்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. டீக்கடையின் தரை தெருவைவிட ஓர் அடி உயரம். அங்கிருந்து ஒன்றரை அடி ஏறினால் மொத்தம் இரண்டரை. பள்ளிக்கூடத் தரையோ ஒன்றரை அடிதான். சாய்தளம் வாசலில் முடிந்தபோது தரைக்கு மேலே ஓர் அடி உயரத்தில் நின்றது. மூவரும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு உள்ளே இறங்குவதற்கு இரண்டு படி கட்டினார்கள்.

டீக்கடைக்குள் ஏறுவதற்கும் இரண்டு படி உண்டு. அது பழைய படி. கணக்கில் சேராது என்றார் சபாபதி.

தேர்தலுக்கு முந்தின நாள் மரகதவல்லி வந்து பார்த்தாள்.

"தலைவரே, படி கூடாதுன்னுதானே சாய்தளம்?"

"ஆமாம்மா."

"இங்க மூணு படி இருந்துச்சு. இப்ப நாலு ஆயிருக்கே."

"முன்ன இருந்தது ஏறுற படி, மரகதம்," என்றார் குப்பாண்டி. "உள்ள இருக்கிறது இறங்குற படி. உனக்கு ஏறத்தானே சிரமம்?"

"அண்ணே, நீங்க என்னை எதிர்த்து நிக்கிறீங்களா, இல்ல எனக்கு உதவி பண்றீங்களா?"

"ரெண்டும்தான் தாயி."

மத்தியானம் மினி பஸ் வந்தது. தெருவில் போக வழியில்லை. டிரைவர் இறங்கி, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், அரை மணி நேரத்தில் சாய்தளத்தைப் பிரித்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போனார். மூவரும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதற்காக ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்விட்டார்கள்.

மரகதவல்லி டிராக்டர்காரரைக் கூப்பிட்டாள். ஒரு லோடு கிராவல் மண்ணை மூன்று படிக்கும் மேலே கொட்டச் சொன்னாள். வாசலிலிருந்து கேட் வரை சரிவாக இழுத்துவிட்டு, தண்ணீர் தெளித்து, இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள். சக்கரத்தைக் கையால் தள்ளி மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்த்தாள். நாலாவது தடவை தேவைப்படவில்லை. வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வரிசையில் எண்பத்து மூன்று பேர் நின்றார்கள். பொன்னுரங்கம் கேட்டில் நின்று யாரையும் உள்ளே விடவில்லை. "முதல் ஓட்டு மரகதத்தோடது. உத்தரவு," என்றார். ஐந்து நிமிஷத்தில் மரகதவல்லி வந்தாள். யாரும் தொடவில்லை, யாரும் தூக்கவில்லை. மண் சரிவில் தானே ஏறி உள்ளே போனாள்.

உள்ளே அவளுக்கு நாலு பதவிக்கு நாலு நிறத்தில் நாலு சீட்டுக் கொடுத்தார்கள். பத்து வருஷம் கழித்துப் போடுகிற ஓட்டு. அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு சீட்டையும் முழுவதும் படித்தாள். முத்திரை குத்தி, மை காயும்வரை ஊதி, மடிப்புக் கலையாமல் மடித்தாள்.

வெளியே சபாபதி அளவு நாடாவைப் பிரித்தார்.

"தலைவரே, இந்த மண்ணு எட்டு அடிதான் இருக்கு. பத்து அடி குறையுது."

"குறைஞ்சா என்ன போட்டிருக்கு?"

"ஆபத்து. உடனே அகற்றிவிட வேண்டும்."

"மரகதம் இதுலதான் ஏறிப் போச்சா?" என்று குப்பாண்டி நெஞ்சில் கை வைத்தார். "நல்லவேளை, ஒண்ணும் ஆகல."

வரிசையில் சும்மா நின்ற எண்பத்து மூன்று பேரையும் தலைவர் கூப்பிட்டார். கடப்பாரை வந்தது, மண்வெட்டி வந்தது, கூடை வந்தது. கை மாற்றிக் கை மாற்றி மண்ணை அள்ளி வெளியே கொட்டினார்கள். கால் மணி நேரத்தில் மூன்று படியும் பளிச்சென்று வெளியே வந்துவிட்டன. ஊரில் முட்டாள்கள் மூன்று பேர் என்று தொடக்கத்தில் எழுதினேன். அந்தக் கணக்கைத் திருத்த வேண்டும். எண்பத்தாறு.

மரகதவல்லி நாலாவது சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். வாசல் வரை வந்து நின்றாள்.

"மண்ணு எங்க?"

"அகற்றியாச்சும்மா. ஆபத்து," என்றார் பொன்னுரங்கம்.

"நான் எப்படி வெளிய வர்றது?"

சபாபதி கடிதத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்தார். "உள்ளே செல்ல என்றுதான் இருக்கு. வெளியே வர்றதைப் பத்தி ஒண்ணும் போடல."

"போடாததை நாம எப்படிச் செய்யிறது?" என்றார் பொன்னுரங்கம்.

"நேத்து இறங்கத்தான் சிரமம் இல்லைன்னு சொன்னீங்களே அண்ணே," என்றாள் மரகதவல்லி. "வந்து இறங்கிக் காட்டுங்க, இந்த நாற்காலியில உக்காந்து."

குப்பாண்டி வரிசையில் முதல் ஆளாக உள்ளே போய்த் தன் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தார். வந்ததும் அவள் காதோரம் குனிந்தார்.

"என் ஓட்டையும் உனக்கே போட்டுட்டேன் தாயி."

"எதுக்குண்ணே?"

"உன் ஓட்டு வீணாகக் கூடாதுன்னு போட்டிருக்கு. தோக்கிற ஆளுக்குப் போட்டா வீண்தானே? போன தடவை ஒரு ஓட்டுல தோத்தே. ஒண்ணு சேந்தா சமம்தான் ஆகும். அதான் என்னோடதையும் சேத்தேன்."

பிறகு எண்ணியபோது அப்படித்தான் இருந்தது. மரகதவல்லிக்கு 62, குப்பாண்டிக்கு 60. கூத்தனேரியில் குப்பாண்டி போட்ட ஒரே சரியான கணக்கு அது. தோற்றவர் அவர்தான்.

ஆனால் அது மூன்று நாள் கழித்து. அன்று காலை எட்டு மணிக்கு மரகதவல்லி வாசலில் உட்கார்ந்து, எண்பத்து மூன்று பேரையும் ஆளுக்கு ஒரு கூடை மண் கொண்டுவந்து போடச் சொல்லிக்கொண்டிருந்தாள். சபாபதி படியில் உட்கார்ந்து மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். எழுதி முடித்து உரக்கப் படித்தார். தலைவர் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"இச்சாவடியில் படியேற முடியாத வாக்காளர் ஒருவர். அவர் தற்போது உள்ளே இருக்கிறார். அவரை வெளியே விடாமல் இருந்தால், அடுத்த தேர்தலுக்குச் சாய்தளம் தேவைப்படாது."