எட்டாவது அறைக்கு ஒரு போல்ட்

தங்கப்பழம் மேஸ்திரிக்கு ஐம்பத்தெட்டு வயது. நாற்பது வருஷம் கொத்தனார் கரண்டி பிடித்த கை. அவருக்குக் குருவாக வாய்த்தவர், தொழிற்சாலையில் அறைகளை முழுசாகச் செய்து கொண்டுவந்து பொருத்துகிற என்ஜினியர் பர்வீன். மேஸ்திரியின் மகளைவிட இரண்டு வயது இளையவர். "எனக்கும் இந்த வேலையைச் சொல்லிக் குடுங்கம்மா" என்று மனுஷன் தானாகவே போய் நின்றார். அதற்கே பெரிய மனசு வேண்டும்.

மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளிகள். ஆபரேஷன் என்றால் அறுபது கிலோமீட்டர் கீழே இறங்க வேண்டும். பத்து நாளில் சாரல் வேறு ஆரம்பித்துவிடும். மேஸ்திரி மேலே புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தபோதே, கீழே பர்வீனின் தொழிற்சாலையில் எட்டு அறைகள் கதவு, ஜன்னல், விளக்கு சகிதம் தயாராகிக்கொண்டிருந்தன.

லாரியில் அறைகள் வந்தன. கிரேன் தூக்கி வைத்தது. முதல் அறை, அஸ்திவாரத்தில் மேஸ்திரி பதித்திருந்த நான்கு போல்ட்டிலும் அலுங்காமல் உட்கார்ந்தது.

மேஸ்திரி வாயைப் பிளந்தார். மணல் குவியல் இல்லை, தூசி இல்லை, ஒரு மரத்தைக்கூட வெட்டவில்லை. பக்கத்து வார்டில் காய்ச்சல்காரர்கள் தங்கள் பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த மெஷின்மா இவ்வளவு கச்சிதமாச் செய்யுது?"

பர்வீன் சிரித்தார். அடுத்த அறையைத் தூக்கச் சொல்லிக் கிரேனுக்குக் கை காட்டினார்.

ஏழு அறைகள் உட்கார்ந்தாயிற்று. எட்டாவது, ஆபரேஷன் தியேட்டர். லாரியில் அதற்குச் சங்கிலி மாட்டும்போதுதான் மேஸ்திரி அஸ்திவாரத்தைக் குனிந்து பார்த்தார். அந்த அறைக்கான ஒரு போல்ட் விரல் கனம் விலகியிருந்ததைக் கான்கிரீட் போட்ட அன்றே அவர் பார்த்திருந்தார். பூச்சில் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். நாற்பது வருஷப் பழக்கம் லேசில் விடுமா? இந்த அறைக்குப் பூச்சு வேலையே கிடையாது என்பது இப்போதுதான் உறைத்தது.

அறையின் அடிச்சட்டத்து ஓட்டையைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும், யாருக்கும் தெரியாது. பிடிப்புதான் குறையும். அறுக்கிற மெஷினைக் கையிலும் எடுத்துவிட்டார். உள்ளே கத்தி பிடிக்கப்போகிற டாக்டரை நினைத்தார். மெஷினைக் கீழே வைத்தார்.

"நிறுத்துங்கம்மா! இதுல ஒரு போல்ட் தப்பு. தெரிஞ்சே விட்டுட்டேன்."

கிரேன் நின்றது. பர்வீன் அளந்து பார்த்தார்.

"துளை போட்டுப் புதுசாப் பதிக்கணும். ஒரு நாள் ஆகும்."

மேஸ்திரிக்கு அவமானமாக இருந்தது. "நாளையில இருந்து நான் வரணுமாம்மா, வேண்டாமா?"

"எந்த மெஷின்னு கேட்டீங்கள்ல?" என்றபடி பர்வீன் தொழிற்சாலைக்குப் போன் போட்டார். மேஸ்திரிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"இந்த எட்டு அறைக்கும் மொத்தம் எத்தனை தடவை வேலையை நிறுத்தியிருக்கோம்?"

"நாற்பத்தொரு தடவை, மேடம். எல்லாமே தப்புப் பண்ணினவங்க தானா வந்து சொன்னது."

"நாற்பத்திரண்டுன்னு எழுதிக்குங்க. பேரு, தங்கப்பழம் மேஸ்திரி."