கண்ணாடி அலமாரிக்குள் ஒரு கை

போர் விமானத்தின் பீரங்கிக்குள் தோட்டாச் சரத்தைச் செலுத்த ஒரு தள்ளுகோல் உண்டு. அந்த விமானத் தளத்தில் அது கண்ணாடி அலமாரிக்குள் பளபளவென்று பூட்டிக் கிடந்தது.

"இன்ஸ்பெக்‌ஷன் முடியறவரைக்கும் அதுல ஒரு கீறல் விழக் கூடாது. கையால தள்ளுங்கய்யா" என்பது விங் கமாண்டர் வரதாச்சாரியின் ஆணை. கை தானாக ஆறிவிடும் என்பது அந்த ஆணைக்கு அவரே சொன்ன உரை. போன வாரம், கையால் தோட்டா தள்ளிய அந்தோணிமுத்துவின் இரண்டு விரல்களைப் பீரங்கி தின்றுவிட்டது. அவை ஆறவில்லை, திரும்பி வரவும் இல்லை.

இன்ஸ்பெக்‌ஷன் நாளில், தளத்தைப் பார்வையிட வந்த ஏர் மார்ஷல் அலமாரியைத் திறக்கச் சொன்னார். தோட்டா ஏற்றும் தங்கமாடன் முன்னால் வந்து, தன் வலக்கையைக் கோலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"என்னய்யா இது?" என்று வரதாச்சாரி பல்லைக் கடித்தார்.

"இதுலயும் இன்னும் கீறல் விழல சார். சேர்த்துப் பூட்டிடுங்க."

ஏர் மார்ஷல் அந்தோணிமுத்துவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "கோலை வெளியே எடுங்க" என்றார்.

அன்று முழுவதும் கோல்தான் தள்ளியது. ஒருவருக்கும் நகம்கூடப் பெயரவில்லை.

மாலையில் ஏர் மார்ஷலின் விமானம் கிளம்பியது. வரதாச்சாரி கோலைத் துடைத்து, அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். தங்கமாடனின் கையை மட்டும் வெளியே விட்டுவிட்டார்.