அடிபட்ட எருமையும் மேஸ்திரிக் கரடியும்

மலையடிவாரக் காட்டில் ஓர் ஓடை இருந்தது. மழைக்காலத்தில் கரைபுரண்டு ஓடும். கோடையில் மணல்தான் மிஞ்சும். அடுத்த மழைக்கு முன்னால் ஓடைக்குக் குறுக்கே ஓர் அணை எழும்ப வேண்டும் என்று புலிராஜா உத்தரவு போட்டது. வேலையைக் குத்தகைக்கு எடுத்தது ஒரு கரடி. மிருகங்கள் எல்லாம் அதை 'மேஸ்திரி' என்று அழைத்தன.

அணைக்குப் பாறை இழுக்க ஓர் எருமை வந்தது. கொம்பில்லாமல் பிறந்ததால் அதற்கு மோழை என்று பெயர். மோழைக்குப் பால் மறக்காத ஒரு கன்று இருந்தது. காடு முழுவதும் புல் கருகிக் கிடந்த காலம் அது. அணையில் உழைத்தால் மேஸ்திரி மலைச்சோலையிலிருந்து பசும்புல் கொண்டுவந்து கொடுக்கும். தாய் தின்றால்தானே கன்றுக்குப் பால்!

மோழைக்குப் பக்கத்தில் சடையன் என்ற காட்டுப்பன்றி மண் தோண்டியது. இரண்டும் பேசிக்கொண்டே வேலை செய்யும். சடையன் மோழையை 'அக்கா' என்றுதான் கூப்பிடும்.

ஒருநாள் காலையில் பாறையைக் கட்டும் கொடி நைந்திருப்பதை மோழை பார்த்தது.

"மேஸ்திரி ஐயா, இந்தக் கொடி தாங்காது. வேறு கொடி வெட்டித் தாருங்கள்!" என்றது.

"இன்றைக்கு ஒருநாள் இழு, மோழை! மழைக்காலம் நெருங்கிவிட்டது. கொடி வெட்ட இப்போது யாருக்கு நேரம்?" என்றது கரடி.

மோழை இழுத்தது. பாறை மேட்டின் பாதிவரை ஏறியது. பட்டென்று கொடி அறுந்தது. பாறை பின்னால் உருண்டு வந்து மோழையின் பின்னங்காலை நசுக்கியது.

மோழை போட்ட அலறலில் மரத்துப் பறவைகள் எல்லாம் எழும்பின. சடையன் ஓடிவந்து பாறையை முட்டித் தள்ளியது. மோழையின் கால் தொங்கிப் போயிருந்தது.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால், குணமாகும்வரை மேஸ்திரிதான் தீனி போட வேண்டும். கால் முடமாகிவிட்டால் ஆயுள் முழுவதும் போட வேண்டும். ஆனால் அடிபட்டது எப்படி என்பதை நியாயம் தீர்க்கும் மன்றத்தின் காகத்திடம் உடனே சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு மாற்ற வேண்டுமானால் அமாவாசைக்குள் மாற்றிக்கொள்ளலாம். அமாவாசை தாண்டிவிட்டால், கூட இருந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

கரடி அவசர அவசரமாக மோழையிடம் வந்தது. அதன் குரல் தேனாய் இனித்தது.

"அடடா, உனக்கா இப்படி ஆக வேண்டும்! கவலைப்படாதே. நான் இருக்கிறேன். ஆனால் காகம் வந்து கேட்டால், தண்ணீர் குடிக்கப் போனபோது வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடு."

"அது பொய்யல்லவா, ஐயா?"

"உண்மையைச் சொன்னால் ராஜா வேலையையே நிறுத்திவிடுவார். சடையனுக்கும் மற்றவர்களுக்கும் தீனி போய்விடும். உன்னால் அத்தனை பேர் வயிறும் காய வேண்டுமா? மன்றம் தரச் சொல்வதைவிட அதிகமாகவே நான் தருகிறேன். நான் உன்னைக் கைவிடுவேனா?"

வலியில் மோழைக்குத் தலை சுற்றியது. பசித்த கன்று மடியை முட்டியது. மற்றவர்களுக்குத் தன்னால் கெடுதல் வரக் கூடாது என்றும் நினைத்தது. காகம் வந்து கேட்டபோது, "தண்ணீர் குடிக்கப் போனேன். வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொன்னது.

அணைக்கு மேலே இருந்த புங்கமரத்தடியில் மோழை படுத்தது. முதலில் கரடி தினமும் வந்தது. கட்டுக்கட்டாகப் புல் போட்டது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. அமாவாசை தாண்டியதும் வரவே இல்லை.

மோழை மேட்டிலிருந்து கூப்பிட்டது. "மேஸ்திரி ஐயா! புல் வரவில்லையே!"

"என்ன புல்? நீ வழுக்கி விழுந்ததற்கு நானா பொறுப்பு?" என்றது கரடி, திரும்பிக்கூடப் பாராமல்.

மோழை மூன்று காலால் நொண்டிக்கொண்டு மன்றத்துக்குப் போனது. அங்கே நீதிபதி ஒரு கிழ ஆமை. மோழை நடந்ததை எல்லாம் சொல்லி அழுதது. ஆமை காகத்தைக் கூப்பிட்டுக் கேட்டது. காகம் அன்று கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னது.

"சாட்சி உண்டா?" என்று கேட்டது ஆமை.

"உண்டு! என் தம்பி சடையன்தான் பாறையைத் தள்ளினான்!"

சடையன் வந்து நின்றது. பக்கத்தில் கரடி நகத்தைச் சொறிந்துகொண்டு நின்றது. சடையன் கரடியைப் பார்த்தது. பிறகு தரையைப் பார்த்தது.

"நான் குனிந்து மண் தோண்டிக்கொண்டிருந்தேன், ஐயா. எதையும் பார்க்கவில்லை."

மோழைக்குக் கால் நசுங்கியபோதுகூட அப்படி வலிக்கவில்லை.

ஆமை மோழையின் காலைக் குனிந்து பார்த்தது. "அம்மா, உன் காலைப் பார்த்தால் எனக்கு உண்மை தெரிகிறது. ஆனால் உன் வாயே முன்பு வேறொன்று சொல்லிவிட்டது. சாட்சியும் இல்லை, கெடுவும் முடிந்துவிட்டது. என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றது.

மோழையின் மடி வற்றியது. கன்றுக்கு விலா எலும்பு தெரிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் புல் தேடிப் போகும் எருமைக் கூட்டம் ஒன்று அந்த வழியாக வந்தது. அதில் கறவை எருமைகள் இருந்தன.

"என் கன்றையும் கூட்டிப் போங்கள்" என்றது மோழை.

"நீ வரவில்லையா?"

"என்னால் மலை ஏற முடியாது."

கன்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. மோழை எழுந்து நிற்கப் பார்த்தது, முடியவில்லை. புழுதி அடங்கும்வரை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

அணை வேலை மட்டும் நிற்கவில்லை. உயரமான மண்மேட்டின் அடியைத் தோண்டும்படி கரடி சடையனை விரட்டியது.

"மேல்மண் விரிசல் விட்டிருக்கிறது, ஐயா!" என்றது சடையன்.

"பயந்தால் வேலைக்கு வராதே!" என்றது கரடி.

சடையன் தோண்டியது. மண் சரிந்து அதன் முதுகில் விழுந்தது. இடுப்பு முறிந்தது. புங்கமரத்தடியில் கிடந்த மோழை எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தது.

கரடி சடையனின் காதருகே குனிந்தது. அதே தேன் குரல்! மோழைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உந்தி உந்தி மேட்டிலிருந்து இறங்கி வந்தது.

"சடையா, பொய் சொல்லாதே! காகம் வந்ததும் நடந்ததை நடந்தபடி சொல்லு! நான் பார்த்தேன், நான் சாட்சி!"

சடையனின் கண்ணில் நீர் நிறைந்தது. "அக்கா, உனக்காக நான் வாயைத் திறக்கவில்லையே!"

"நீ செய்ததை நான் மறக்கவில்லை. அதற்காக, பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல என்னால் முடியாது."

கரடி மோழையின் பக்கம் திரும்பியது. "மோழை, உனக்கும் பசிக்கிறதல்லவா? நாளையிலிருந்து சோலைப்புல் அனுப்புகிறேன். பேசாமல் மரத்தடிக்குப் போய்விடு!"

மோழையின் வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. பசும்புல்லின் வாசனை நினைவுக்கு வந்து நாக்கில் நீர் ஊறியது. ஒரு கணம் தடுமாறியது.

"உங்கள் புல்லை நம்பித்தான் என் கன்றை இழந்தேன்" என்றது. பிறகு காகத்தை உரக்கக் கூப்பிட்டது.

இந்தத் தடவை வழக்கு நின்றது. சடையனுக்குக் கரடி ஆயுள் முழுவதும் கிழங்கு போட வேண்டும் என்று ஆமை தீர்ப்புச் சொன்னது. புலிராஜா கரடியிடமிருந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டது.

சடையன் தரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறியது. "ஆமையாரே! அன்று நான் சொன்னது பொய். கொடி அறுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அக்காவுக்கும் நியாயம் கொடுங்கள்!"

"அன்று மன்றத்தில் சொல்லியிருக்க வேண்டும், சடையா" என்றது ஆமை. "இப்போது நீ சொல்வதைக் கேட்க எனக்குக் காது இருக்கிறது. சொல்லிவிட்ட தீர்ப்பை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை."

மோழை நொண்டியபடியே புங்கமரத்தடிக்குத் திரும்பியது. சில நாளில் மழை வந்தது. மரத்தைச் சுற்றிப் புல் முளைத்தது. மோழை மேய்ந்தது, உயிர் பிழைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் போன கூட்டம் மட்டும் திரும்பி வரவே இல்லை.

வேலையில் பட்ட காயத்தை இனிப்பான பேச்சுக்கு மயங்கி மறைக்கிறவருக்கு நியாயம் கிடைக்காது. கூட உழைத்தவர் காயம்பட்டபோது பயந்து வாய் மூடுகிறவர், பிறகு எவ்வளவு அழுதாலும் அந்த நியாயத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.