பிஷப்பு தொப்பியில உக்காந்த காக்கா

ஏட்டி பிலோமி, காக்கா செஞ்ச பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாதுன்னு சொல்லுதியே, நீ பண்ணி எத்தனை மாசம் ஆச்சு? அப்ப வாயை மூடிக்கிட்டுக் கேளு. பண்ணிச்சு. குளத்தங்கரைக் கோயில்ல, ஒரு எலிக்கிட்ட பண்ணிச்சு.

அந்தக் காக்கா பேரு சந்தியாகு. குளத்தங்கரைப் புளியமரத்துல அவனுக்குக் கூடு. எதிர்த்தாப்புல பரிசுத்த ஆவி கோயில். அங்க மணிக்கூண்டுல ஒரு வெள்ளைப் புறா, பேரு பிரகாசி. பக்கத்து வீட்டுக்காரங்கதான் ரெண்டு பேரும். ஆனா அவளைக் கண்டாலே சந்தியாகுக்கு வயிறு எரியும்.

ஏன்னா கோயில் பீடத்துக்கு மேல பெருசா ஒரு படம். அதுல யாரு? புறா. பரிசுத்த ஆவி புறா ரூபத்துலதான இறங்கி வந்தாரு. சுத்தித் தங்கக் கதிர் வேற. அதை வரைஞ்சவன் அரிசி மில்லுக்குப் போர்டு எழுதுற ஆளு. புறாவை நாட்டுக்கோழி தண்டிக்கு வரைஞ்சு வச்சிட்டான். பழைய சாமியாரு, "ஏம்ப்பா, கொஞ்சம் மெலிய வையேன்"னாரு. "சாமி, மெலிஞ்சா கடைசி வரிசைக்குத் தெரியாதே"ன்னுட்டான். சரி, அது கிடக்கட்டும். எங்க விட்டேன்? வயித்தெரிச்சல்ல.

அதுக்கு மேல வருசா வருசம் கோயில் திருவிழாவுக்கு பிஷப்பு வருவாரு. பூசை முடிஞ்சதும் ஒரு ஓலைக்கூடையைத் திறப்பாரு. உள்ள இருந்து பிரகாசி படபடன்னு பறப்பா. பேண்டு வாசிப்பாங்க, வேட்டு போடுவாங்க.

"இவ என்னத்தைச் செஞ்சா?"ன்னு சந்தியாகு புலம்புவான். "கூடைக்குள்ள போனா, வெளிய வந்தா. இதுக்கு வேட்டா? நம்மளைக் கண்டா கல்லையில்ல எடுக்கானுவ."

கோயிலுக்குள்ள மிக்கேலுன்னு ஒரு எலி. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு அடியில குடியிருப்பு. ஊர்ப் பாவம் பூரா அவனுக்கு அத்துப்படி. போதாக்குறைக்கு ஞானோபதேசப் புஸ்தகத்தைப் பாதி தின்னிருந்தான்.

"மிக்கேலண்ணே, நெஞ்சு கரிக்குது"ன்னான் சந்தியாகு.

"யாரைப் பாத்தா கரிக்குது?"

"பிரகாசி மைனியப் பாத்தா."

"அந்தப் பொறாமைக்குப் பேரு காய்மகாரம். தலையான பாவங்கள்ல ஒண்ணு. அந்தப் பக்கம் நல்ல ருசி."

"அதுக்கு மருந்து என்ன?"

"அது அடுத்த பக்கம். பசை கசந்துச்சு, விட்டுட்டேன்."

மருந்து கிடைக்கலைன்னதும் சந்தியாகு தானா ஒரு வழி கண்டுபிடிச்சான். திருவிழா அன்னைக்கு விடியவும் மணிக்கூண்டுக்குப் போனான். பிரகாசி குஞ்சு ரெண்டையும் அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

"மைனி, பிஷப்புக்கு மூச்சு இழுப்பாமே."

"அய்யோ பாவம்."

"டாக்டரு புறா சூப்பு குடிக்கச் சொல்லிட்டாராம்."

"எந்தப் புறா?"

"இந்த ஊர்ல யாரை மைனி கூடையில வச்சு அவரு கையில குடுக்காங்க?"

பிரகாசிக்குக் கை கால் ஓடல. "கொழுந்தனாரே, நான் அக்கரைப் பனங்காட்டுல இருக்கேன். அவரு காரு போன பெறவு சேதி சொல்லுங்க. அதுவரைக்கும் பிள்ளைகளைப் பாத்துக்கோங்க."

"நானாச்சு மைனி"ன்னான். அவ பறந்தா. அவன் அந்த நிமிசமே பிள்ளைகளை மறந்தான்.

நேரா திருவிழா மேடைக்குப் பின்னால இருந்த சமையல் கொட்டகைக்குப் போனான். பிஷப்புக்குப் புட்டு அவிக்க மாவு இடிச்சு வச்சிருந்தாங்க. அதுல முங்கிப் புரண்டான். வெள்ளை வெளேர்னு எந்திரிச்சு வந்து கூடைக்குள்ள உக்காந்துக்கிட்டான். கோயில் வேலை பாக்குற கோயில்பிள்ளைக்குக் கண்ணுப் பார்வை மட்டு. "வந்துட்டியா தாயி"ன்னு மூடியைப் போட்டாரு.

பூசை முடிஞ்சுது. பிஷப்பு கூடையைத் திறந்தாரு. சந்தியாகு றெக்கையை விரிச்சான். அம்புட்டு மாவும் அவரு மூக்குல. இல்லாத இழுப்பு அப்பதான் அவருக்கு வந்துச்சு. தும்மு தும்முன்னு தும்முதாரு. கண்ணுல மாவு விழுந்த சந்தியாகு, உயரமா எது தட்டுப்பட்டுதோ அதுல ஏறி உக்காந்தான். அது பிஷப்பு தொப்பி. உக்காந்தவன் சும்மா இருந்திருக்கலாம். "கா"ன்னான்.

பேண்டு நின்னு போச்சு. ஊரே சிரிச்சுது. வேட்டு மட்டும் வழக்கம்போலப் போட்டாங்க, அவனைப் பாத்து.

தப்பிச்சோம் பிழைச்சோம்னு மணிக்கூண்டுக்குள்ள போயி விழுந்தான். அங்க குஞ்சுக ரெண்டும் காலையில இருந்து பட்டினி. இவனுக்கும் பசி. காக்காவுக்குப் புறாக்குஞ்சுன்னா நமக்கு வஞ்சிர மீன் மாதிரி. பக்கத்துல போனான். வாயைத் திறந்தான்.

"அம்மா"ன்னு சொல்லி ஒரு குஞ்சு அவன் வாய்க்குள்ள மூக்கை விட்டுச்சு. புறாக்குஞ்சு தாய் வாயில இருந்துதான் இரை எடுக்கும். அவன் மேல ஒட்டியிருந்த மாவைப் பாத்து ஏமாந்து போச்சு. அந்தக் கோயில்பிள்ளையை விட்டா ஊர்ல ஒருத்தரும் அவனைப் புறான்னு நம்பல. அவன் திங்கப் போன குஞ்சு நம்பிச்சு.

சந்தியாகு அப்படியே பின்வாங்கிட்டான். இறங்கிப் போயி எலி வளைக்கு முன்னால முட்டி போட்டான். காக்காவுக்கு முட்டி எங்க இருக்குன்னு கேக்காத. போட்டான்.

"மிக்கேலண்ணே, பாவசங்கீர்த்தனம்"னு ஒண்ணு விடாமச் சொன்னான்.

"இரு, அந்தப் பக்கத்தைத் தின்னுட்டு வாரேன்"னான் எலி. மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே திரும்பி வந்தான். "யாரைப் பாத்து எரியுதோ அவங்களுக்கு நல்லது செய்யணும். ஆண்டவர் உனக்குக் குடுத்ததுக்கு நன்றி சொல்லணும். அவ்வளவுதான். ஆனா என்னா கசப்பு."

"எனக்கு என்னத்தைக் குடுத்தாரு? கறுப்பையும் கட்டைக் குரலையும்."

"ஏல, ஞாயித்துக்கிழமை பைபிள் வாசகம் பூரா கேட்டவன் நான். பஞ்சத்துல ஒரு தீர்க்கதரிசி ஓடைக்கரையில பட்டினி கிடந்தாரு. அப்பமும் கறியும் கொண்டு போக ஆண்டவர் யாரை அனுப்புனாரு? புறாவையா? அதுக்குக் கறி தூக்கத் தெரியுமா? காக்காயத்தான் அனுப்புனாரு."

"தூக்கத் தெரியும்னா அனுப்புனாரு?"

"தெரிஞ்ச வேலையத்தானல குடுப்பாரு."

சந்தியாகு குளத்துல முங்கி மாவைக் கழுவுனான். ஊருக்கே திருவிழாச் சாப்பாடு போடுற அசனப் பந்தலுக்குள்ள பாய்ஞ்சான். விளக்குமாத்து அடி வாங்கிக்கிட்டே சோறு தூக்குனான். மணிக்கூண்டுக்குக் கொண்டு போனான்.

"நீ யாரு?"ன்னு குஞ்சுக மிரண்டுச்சு.

"கறுப்புக் காக்கா. சோறு வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

ஊட்டி முடிச்சதும் பனங்காட்டுக்குப் போயி பிரகாசிக்கிட்ட உண்மையைச் சொன்னான். அவ அவன் உச்சந்தலையில கொத்துன கொத்துல அந்த இடத்துல பெறவு முடியே முளைக்கல. பிள்ளைக வயிறு நிறைஞ்சு தூங்குறதைப் பாத்த பெறவுதான் அவ கோவம் அடங்குச்சு.

"கூடைக்குள்ள போக அம்புட்டு ஆசையா கொழுந்தனாரே? பயத்துல நான் உள்ள எச்சம் போடாத வருசமே கிடையாது"ன்னா.

அடுத்த வருசமும் பிஷப்பு வந்தாரு, ஒரு எட்டு தள்ளி நின்னு கூடையைத் திறந்தாரு. பிரகாசி பறந்தா, வேட்டு போட்டாங்க. சந்தியாகு நெஞ்சைத் தொட்டுப் பாத்தான். கரிக்கல. "ஆண்டவரே, நன்றி"ன்னு ஒரு தடவை கரைஞ்சிட்டு, பிரகாசியோட புதுக் குஞ்சுகளுக்குச் சோறு தூக்கப் பந்தல் பக்கம் போனான்.

ஆண்டவர் அடுத்தவங்களுக்கு என்ன குடுத்தார்னு எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தா, நமக்குக் குடுத்தது கையில இருந்தும் கண்ணுக்குத் தெரியாது.

ஏட்டி பிலோமி, மாடியில காயுற கருவாட்டை உள்ள எடுத்துட்டு வா. அந்தா, சந்தியாகு பேரன் சுவத்துல வந்து உக்காந்துட்டான். கையில எடுத்த கல்லைக் கீழ போடு. ஒரு துண்டை அவனுக்கு வச்சிட்டு வா.